காந்தமும் உயிரும்

அருளின் முன்னே உயிர் இயங்குவதற்குக் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக்குகிறது மெய்கண்டாரின் சிவஞானபோதம். அப்படியானால் உயிர் வெறும் சடமா? 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அறிவித்த காந்தப் பாக்டீரியாக்களை நான் சான்றாகக் கொள்கிறேன். அவற்றின் 'மாம்' மரபணுக்கள் சவ்வுப் பைகளை அமைத்து இரும்பைச் சேர்க்க, உள்ளே மேக்னடைட் படிகம் விளைகிறது. மாம்கே புரதம் படிகங்களை வரிசைப்படுத்துகிறது. செத்த செல்லும் புவிக்காந்தத்துக்கேற்பத் திரும்பும், ஆனால் நீந்தாது. திசை வெளியிலிருந்து வரலாம். செல்வது உயிரின் செயல். சாய்ந்து இறங்கும் காந்தக் கோடுகளே இவற்றுக்குச் சேற்றின் ஆழத்துக்கு வழிகாட்டுகின்றன என்பார்கள்; சென்னையை அடுத்த தாம்பரத்தில் அக்கோடுகள் ஏறக்குறையக் கிடையாக ஓடுகின்றனவே, அங்கே அவை எப்படி வழிகாட்டும் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் காந்தத்தை மட்டும் நம்பி நீந்துவதில்லை. ஆக்சிஜன் அளவையும் உணர்கின்றன. கோடு கிடையாகும் இடத்தில் அந்த உணர்வுக்கே வேலை கூடும். மெய்கண்டாரின் இரும்புக்கு இல்லாதது இதுவே.