திறவாத பெட்டி

1972-ல் அமெரிக்காவின் மீகோ நிறுவனம் சூப்பர்மேன், பேட்மேன் உருவங்களுக்குத் துணியுடை அணிவித்து, எட்டங்குலப் பொம்மைகளாக விற்றது. சிறுவர் கையில் தேய்ந்து உடைய வேண்டியவை. இன்றோ பெரியவர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். மூட்டு அசைகிறதா, சாயம் கெட்டதா என ஆராய்கிறார்கள். பெட்டி திறவாதிருந்தால் விலை பன்மடங்கு!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளிடையே சிறகுள்ள குதிரையும் இருந்தது. அதுபற்றி அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே மார்க்க அறிஞர் பலர் பொம்மைக்கு இடம் தந்தார்கள். விளையாடவே கூடாதென்று மூடிவைத்ததற்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்? பழம்பொருளைப் பேணுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஆசையோடு கைநீட்டும் மகனிடம், "தொடாதே, விலை போய்விடும்" என்கிறாரே தந்தை (அவரும் ஒருநாள் அதே பொம்மைக்காக அழுதவர்தாம்), அவர் காப்பது எதை?