சூடா, தொடர்ச்சியா?

அறையைச் சூடேற்றிச் செய்தால்தான் யோகா பலன் தரும் என்று நம்புகிறவர்கள் பெருகிவருகிறார்கள். கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி வகுத்த 26 ஆசனங்களை ஒரு குழு 40 டிகிரி வெப்பத்திலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் 12 வாரம் பழகின. 2018இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், இரத்தக் குழாய்களின் செயல்பாடு இரு குழுவிலுமே மேம்பட்டிருந்தது. பலன் தந்தது பழக்கம், சூடு அல்ல.

வியர்த்தால் கொழுப்பு கரையாதா என்பார்கள். பாயில் சொட்டுவது நீரும் உப்பும்தான். ஒரு சொம்பு மோரில் திரும்பிவிடும். சூட்டில் தசை இளகும், உண்மை. இளகிய தசையை அளவுமீறி இழுத்துக்கொள்வதும் அங்கேதான். சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூரில், கோடையில் வெயில் ஏறுமுன் திண்ணையில் பாய் விரித்தால் போதும். நாலு சூரிய நமஸ்காரத்தில் உடம்பு தானே சூடாகும். வாரம் மூன்று நாளாவது விடாமல் செய்யுங்கள்.