கூண்டுக்குள் இருக்கும் அமானத்

 



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்து கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் என்னிடம் வந்து நின்றான். "ஹஜ்ரத், எங்க வீட்டுல நாலு லவ் பேர்ட்ஸ் இருக்கு. கூண்டுல அடைச்சு வைக்கிறது பாவம்னு நன்னி சொல்றாங்க. திறந்து விட்டுடவா?" என்று கேட்டான்.

சிறிய கேள்விதானே என்று நினைத்துவிடாதீர்கள். நம் கைக்குள் அகப்பட்ட ஓர் உயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் அந்தக் கேள்வி. இன்று உங்கள் வீட்டில் பறவை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் பொறுப்பில் இருந்துகொண்டு, வாய் திறந்து கேட்க முடியாத யாரோ ஒருவர் நிச்சயம் இருப்பார். ஆகவே இது எல்லோருக்கும் உரிய பேச்சு.

கூண்டில் வளர்ப்பது கூடுமா?

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி இருந்தார். சின்னஞ்சிறு பிள்ளை. அவரிடம் குருவி போன்ற ஒரு சிறு பறவை இருந்தது. அதனோடுதான் விளையாடுவார். ஒருநாள் அது இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் வாடியிருந்தது. அவர்கள் அந்தப் பிள்ளையின் பெயரோடு இயைந்து ஒலிக்கும்படி, பறவையைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். சிறுவர் விளையாடப் பறவை வளர்க்கலாம் என்பது அவற்றில் ஒன்று. அதேசமயம், ஹன்பலி அறிஞர்களில் சிலர் பாட்டைக் கேட்பதற்காகப் பறவையைக் கூண்டில் அடைப்பதை வெறுத்துள்ளார்கள். அனுமதி உண்டு, ஆனால் மனம் உறுத்தாமல் கொடுக்கப்பட்ட அனுமதி அல்ல.

அந்த அனுமதிக்கு நிபந்தனை எங்கே இருக்கிறது? பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸில் இருக்கிறது. நாம் அனைவரும் சிறு வயதில் மதரஸாவில் கேட்டதுதான். அவள் அதற்கு உணவு தரவில்லை. தானே தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அதனால் நரகத்துக்குரியவள் ஆனாள். கவனித்துப் பாருங்கள். அடைத்தது மட்டும் அவளுடைய குற்றம் அல்ல. ஓர் உயிர் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டு, அந்தத் தேவையைத் தானும் நிறைவேற்றாமல் விட்டதுதான் குற்றம். வழியை அடைத்தவர், அந்த வழியில் அது பெறவிருந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

அப்படியென்றால் திறந்து விட்டுவிடலாமே?

நன்னி சொன்னதில் இரக்கம் இருக்கிறது. ஆனால் இரக்கத்துக்கு அறிவும் துணை வரவேண்டும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் பட்ஜி என்ற சிறு கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதியைச் சேர்ந்தது. புல் விதையையும் தண்ணீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைவது அதன் இயல்பு. 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்து வருகிறது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள அந்த மஞ்சள், நீலப் பறவையை நம் ஊர் மொட்டை மாடியில் திறந்து விட்டால், காகமோ வல்லூறோ பூனையோ அதை விட்டுவைக்காது. இரை தேடவும் அதற்குத் தெரியாது. அது விடுதலை அல்ல. நம் பொறுப்பைக் கைகழுவுவது.

நம் நாட்டுப் பச்சைக்கிளியின் விஷயம் வேறு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் திரும்ப வைக்கச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. காட்டிலிருந்து பிடித்ததைக் காசு கொடுத்து வாங்குபவரும் அந்தத் தாயைத் தவிக்க விடுவதில் பங்காளிதான்.

ஆகவே அந்தப் பையனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, கூண்டைத் திறந்து விடாதே. கூண்டை மாற்று."

உணவு மட்டும் போதுமா?

அல்குர்ஆனின் 6-ஆவது அத்தியாயம் 38-ஆவது வசனம், இரு சிறகுகளால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று உணர்த்துகிறது. 67-ஆவது அத்தியாயம் 19-ஆவது வசனம், வானில் சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சமுதாயமாக வாழ்வதும் பறப்பதும் பறவைக்குப் படைத்தவன் கொடுத்தவை. கிண்ணத்தில் தினை போட்டதும் நம் கடமை முடிந்தது என்றால், இந்த இரண்டையும் என்ன செய்தோம்?

முதலில் பறப்பது. கடையில் தருகிற உருண்டைக் கூண்டு பார்க்க அழகு, பறவைக்குச் சிறை. பறவை பக்கவாட்டில்தான் பறக்கிறது. ஆகவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலமாவது வேண்டும். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். துருப்பிடித்த கம்பியும் உதிர்கிற பெயிண்டும் விஷம். ஏனென்றால் அது எதையும் அலகால் கொறித்துத்தான் பார்க்கும். உட்காருவதற்கு ஒரே அளவான பிளாஸ்டிக் குச்சி வேண்டாம், கால் புண்ணாகும். வேம்பு, கொய்யா கிளைகளைக் கழுவிக் காயவைத்து, தடித்ததும் மெல்லியதுமாக வையுங்கள். அறைக்குள் பறக்க விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடித் திரை போட மறக்காதீர்கள்.

அடுத்தது கூட்டம். தனியாக ஒரே ஒரு பட்ஜியை வாங்கி, துணைக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிடுகிறோம். அது கண்ணாடியிடம் பேசுகிறது, தன் பிம்பத்துக்கு இரை ஊட்டப் பார்க்கிறது. நாம் சிரிக்கிறோம். பதில் சொல்லாத ஒன்றிடம் நாள் முழுவதும் பேசுகிற தனிமை அது. கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு துணையைக் கொடுங்கள். அதேநேரம் குஞ்சு வேண்டாம் என்றால் கூண்டிலிருக்கும் மண் கலயத்தை எடுத்துவிடுங்கள். கலயம் இருக்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில் சுண்ணாம்புச்சத்து வற்றி, முட்டை அடைத்துச் செத்தும் போகும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால், அது கொறித்து அந்தச் சத்தைப் பெறும்.

மூன்றாவதை நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டேன். பறவை காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறது என்று திர்மிதியில் வரும் ஹதீஸைத் தவக்குலுக்கு உதாரணமாக எத்தனையோ முறை இந்த மிம்பரில் சொல்லியிருக்கிறேன். புறப்படுவதும் அந்த ரிஸ்கின் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றவில்லை. காட்டில் பட்ஜி பகலின் பெரும்பகுதியைத் தேடுவதில் செலவிடுகிறது. நாம் தினையைக் கிண்ணத்தில் கொட்டுகிறோம். கால் மணி நேரத்தில் தின்றுவிடுகிறது. மீதி நாள் முழுவதும் அதற்கு வேலையே இல்லை. சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பறவைகள் உண்டு. வயிற்றை நிரப்பினோம், தேடலைப் பறித்துவிட்டோம்.

அதைத் திருப்பிக் கொடுப்பது கடினமல்ல. தினையில் கொஞ்சத்தை வெள்ளைக் காகிதத்தில் மடித்து ஒளித்து வையுங்கள். கழுவிய முருங்கைக்கீரையையோ கொத்தமல்லியையோ ஈரத்தோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். அதில் ஏறும், நனையும், கொறிக்கும். தினைக் கதிரை அப்படியே கட்டிவிடலாம். வாரம் ஒருமுறை குச்சிகளின் இடத்தை மாற்றுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள்.

அறியாமல் செய்தது

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் காலை. என் வீட்டில் அடுப்பங்கரைக்குப் பக்கத்துச் சுவரில் கூண்டு. நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் இருந்தது. தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் அணைக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் லேசான புகை. கூண்டின் அடியில் இரண்டு பறவைகளும் கிடந்தன. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி, மனிதனுக்கு அவ்வளவாகத் தெரியாத அளவிலேயே பறவையைக் கொன்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கொசுவர்த்திப் புகையும், நாம் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகையும்கூட அதன் நுரையீரலுக்குக் கேடுதான்.

என் மகன் பெருநாள் சட்டையோடு உட்கார்ந்து அழுதான். "நாம கொன்னுட்டோமா அத்தா?" என்று கேட்டான். தெரியாமல் நடந்ததை அல்லாஹ் மன்னிப்பான் என்று சொன்னேன். மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரியாமல் போனது ஏன்? வாங்குவதற்கு முன் விலையை விசாரித்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். இது எதனால் வாழும், எதனால் சாகும் என்று ஒருவரிடமாவது கேட்டேனா? கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாதவனின் அறியாமை வேறு. தெரிந்துகொள்ள மெனக்கெடாதவனின் அறியாமை வேறு. இரண்டாவதை முதலாவது என்று சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சகோதரர்களே! ஒட்டகம் ஒன்று தன் பசியையும் களைப்பையும் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டது. அவர்கள் அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். நம் வீட்டுப் பறவை முறையிட யாரிடம் போகும்? அது நோயைக்கூட மறைத்துக்கொள்ளும். ஏனென்றால் கூட்டத்தில் பலவீனமானதைத்தான் வேட்டையாடும் பறவை குறிவைக்கும். இறகை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் அடியில் அது உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே அது கேட்டால் கொடுப்போம் என்று காத்திருக்க முடியாது. கேளாமலே அறிந்து கொடுப்பதுதான் அமானத்.

இதை அந்தக் கூண்டோடு நிறுத்திவிடாதீர்கள். படுக்கையில் கிடக்கும் வயதான உம்மாவுக்கு வேளைக்குச் சாப்பாடு போகிறது. பேச ஆள் போகிறதா? வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் போகிறது, ஓய்வு போகிறதா? யாருடைய வழியை நாம் அடைத்து வைத்திருக்கிறோமோ, அவர்களுக்குக் கிண்ணம் நிறையப் போட்டதோடு கணக்கு முடிவதில்லை.

பறவை வாங்க நினைப்பவர்கள் ஒருமுறை யோசியுங்கள். அது ஐந்து முதல் எட்டு வருடம் வாழும். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வரும், வீடு மாறும், ஆசை தீரும். அதன் தேவை தீராது. முடியாது என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே இரக்கம். மொட்டை மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். சிட்டுக்குருவியும் மைனாவும் தானாக வரும். உயிருள்ள எதற்குச் செய்த உதவிக்கும் கூலி உண்டு என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள், இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கூண்டின் முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அது எங்கே பறக்கும், யாரிடம் பேசும், எதைத் தேடும் என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைக்குள் நீ ஒப்படைத்த ஒவ்வோர் உயிரின் தேவையையும் அறியும் அறிவை எங்களுக்குத் தருவாயாக. அறியாமல் செய்ததை மன்னிப்பாயாக. அறிந்துகொள்ள மெனக்கெடாமல் விட்டதையும் மன்னித்து, இனி அப்படி விடாதவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.