வினைமுதல் இல்லாத வினை

தீங்கு ஒன்று நிகழ்ந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அறவியலின் வேர்களுள் ஒன்று. வினைக்கொள்கையில் இந்தியச் சமயங்கள் தமக்குள் கடுமையாக முரண்பட்டாலும், வினைக்கும் அதன் பயனுக்கும் இடையிலான தொடர்பு அறாது என்பதில் பெரும்பாலும் ஒத்துநின்றன. பௌத்தம் மனத்தின் எண்ணத்தையே வினை என்றது. மீமாம்சை, செயல் முடிந்த பின்னும் பயன் விளையும்வரை நிலைத்திருக்கும் காணா ஆற்றலை ‘அபூர்வம்’ என்று வகுத்தது. சைவ சித்தாந்தமோ, வினை அறிவற்ற சடம் ஆதலால் தனக்குரியவனைத் தானே தேடிச் சென்று பற்றாது என்றும், பயனை உரியவனிடம் கூட்டுவிக்க அறிவுடைய முதல்வன் வேண்டும் என்றும் வாதிட்டது. தனித்தனி அமைப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இன்றைய உலகில் இந்த மூன்றாம் வாதம் எழுப்பும் வினா புதிதாக உறுத்துகிறது: ஒருவரும் எண்ணாமல், கருவிகள் தத்தம் விதிப்படி இயங்கியும் விளைந்த கேட்டை எவரிடம் கொண்டு சேர்ப்பது?

மென்பொருள் பொறியியல் இத்தகைய பிணைப்பை ‘அமைப்புகளின் அமைப்பு’ என்கிறது. உறுப்பு ஒவ்வொன்றும் பிரித்தெடுக்கப்பட்டாலும் தனித்து இயங்க வல்லதாகவும், தனக்கென அமைந்த நிர்வாகத்தின் கீழ்த் தன் நோக்கத்துக்காகவே இயக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும் என்பது 1998இல் மார்க் மையர் வகுத்த இலக்கணம். உறுப்புகள் எதிலும் காணப்படாமல் அவற்றின் சேர்க்கையில் மட்டும் தலைகாட்டும் நடத்தையே இவற்றின் தனிப்பண்பு. சேர்க்கையில் புதியது பிறக்கும் என்ற கருத்து தமிழுக்குப் புதிதன்று. பூவும் வெல்லக்கட்டியும் கூடக் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்று மணிமேகலையின் பூதவாதி கூறுகிறான். ஆனால் அவன் பேசியது உணர்வின் தோற்றம் பற்றி; இங்கே பிறப்பது சில வேளைகளில் மரணம்.

2002 ஜூலை 1 இரவு, தென் ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா சென்ற டுபோலெவ் பயணிகள் விமானமும் பெர்காமோவிலிருந்து பிரசெல்ஸ் சென்ற போயிங் சரக்கு விமானமும் மோதி 71 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அப்பகுதி வான்வெளியைச் சுவிட்சர்லாந்தின் சூரிக்கிலிருந்து கண்காணித்த கட்டுப்பாட்டாளர் டுபோலெவை இறங்கச் சொன்னார். இரு விமானங்களிலும் ‘டீகாஸ்’ என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. எதிர்வரும் விமானத்தின் கருவியோடு தானே செய்தி பரிமாறி, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் பணிப்பது அதன் வேலை. அது டுபோலெவை ஏறவும் போயிங்கை இறங்கவும் பணித்தது. டுபோலெவ் விமானிகள் மனிதரின் சொல்லையும் போயிங் விமானிகள் கருவியின் சொல்லையும் ஏற்றதால் இரண்டும் ஒருசேர இறங்கின. கருவி என்ன பணித்தது என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. அன்றிரவு அவர் தனியாக இரு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணிக்காக அங்கே எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதியும் முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆபத்தைத் தம் திரையில் கண்ட, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே கட்டுப்பாட்டு நிலையத்தார் சூரிக்கை அழைக்க முயன்றும் இணைப்புக் கிட்டவில்லை.

நீதிமன்றங்கள் வினைமுதலைத் தேடின. அயல்நாட்டு நிறுவனத்திடம் வான்வெளியை ஒப்படைத்ததற்குச் செல்லத்தக்க சட்ட அடிப்படை இல்லை என்று கூறி, 2006இல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் ஜெர்மன் அரசைப் பொறுப்பாக்கியது. 2007இல் சுவிஸ் நீதிமன்றம் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஊழியர் எண்மர்மீது வழக்கை விசாரித்து நால்வரைக் குற்றவாளிகள் என்றது. இத்தீர்ப்புகள் அநீதியானவை அல்ல. எனினும் ஓர் அமைப்பின் சுவருக்குள் மட்டுமே துழாவும் சட்டத்தின் கை, இரண்டு அமைப்புகள் சந்திக்கும் மூட்டை எட்டுவதில்லை. ஜெர்மன் விபத்து ஆய்வுப் பணியகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை அம்மூட்டைத் தொட்டது: கட்டுப்பாட்டாளர், விமானிகள் ஆகியோரின் உடனடித் தவறுகளைச் சொன்னதோடு, வான்போக்குவரத்துக்குள் டீகாஸ் இணைக்கப்பட்ட விதமே போதாது என்றும், அது குறித்த விதிகளும் கையேடுகளும் குறைபட்டும் ஓரளவு ஒன்றுக்கொன்று முரண்பட்டும் இருந்தன என்றும் அது கூறியது.

எண்ணமே வினை என்னும் பௌத்த அளவுகோலை இங்கே இட்டுப் பார்ப்பது பயனுடையது. மோதலை எவரும் எண்ணவில்லை. ஆனால் இணைப்பை எண்ணியே செய்தார்கள். இரண்டு தன்னாட்சி அமைப்புகளை ஒரே வானில் விட்டுவிட்டு, முரண் வந்தால் எது எதற்குப் பணியும் என்று தெளிவாக வரையறுக்காமல் விட்டதும் ஒரு செயலே. வினைமுதலை மோதலின் நொடியில் தேடுவதைவிட இணைத்த நாளில் தேடுவதே பொருந்தும். அங்கே அவர் பலராகவும் பல நாட்டவராகவும் இருப்பினும், இல்லாதவர் அல்லர்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. மென்பொருள் பொறியியல் அறிஞர் இயன் சோமர்வில்லும் உடனாய்வாளரும் 2012இல் எழுதியதுபோல், இத்தகைய கூட்டணியில் முழுமையையும் கட்டுப்படுத்தும் உரிமையாளர் இல்லை, எல்லையும் திட்டமாக இல்லை. ஆகவே எல்லா விளைவையும் முன்னறியும் கடமையை எவர்மீதும் சுமத்த இயலாது. இம்மறுப்பு முன்னறிவைப் பொறுத்தவரை சரியே. பின்னறிவைப் பொறுத்தவரை செல்லாது. 2001 ஜனவரியிலேயே ஜப்பானிய வானில் இரு பயணிகள் விமானங்கள் இதே வகை முரணால் மயிரிழையில் தப்பின. அந்த அறிவு ஓரிடத்தில் பிறந்தும் யூபர்லிங்கன் விபத்துக்குமுன் உலகு தழுவிய தெளிவான விதியாகவில்லை. சித்தாந்தி சொன்ன சடத்தின் இயல்பு இதுவே: விளைவு தன் காரணரிடம் தானாகச் சென்று பேசாது. சித்தாந்தத்தின் முதல்வன் எல்லாம் அறிந்து கூட்டுவிக்கிறான். மனிதர் இணைத்த கூட்டணியில் அப்பணியைக் குறைந்த அறிவோடும் காலம் தாழ்த்தியும் செய்யும் நிறுவனங்களை மனிதரே அமைக்க வேண்டியிருக்கிறது, அவற்றுக்குத் தம் பதிவேடுகளைத் திறந்துகாட்ட ஒவ்வொரு தன்னாட்சி உறுப்பும் முன்கூட்டியே இசைய வேண்டியிருக்கிறது.

விபத்துக்குப் பின் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு, கட்டுப்பாட்டாளரின் சொல்லும் டீகாஸின் சொல்லும் முரண்பட்டால் விமானி டீகாஸையே பின்பற்ற வேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி விதித்தது. டீகாஸின் 7.1 பதிப்பு, எதிர்விமானம் தன் கட்டளைக்கு மாறாக நகர்வதை மேலும் நன்கு கண்டறிந்து, கீழ்ப்படியும் விமானத்துக்குத் தான் இட்ட கட்டளையைத் திருப்பிக்கொள்ளும்படி திருத்தப்பட்டது.