காத்திருந்தவர் கூலி

வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த ஒழுங்குக்கு ஆகும் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்று கேட்டால்தான் தகராறு ஆரம்பமாகிறது. நல்லொழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை உண்டு. சமீபத்தில் ஒரு சமையலறையில் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது.

பழைய சமையலறையை இடித்துப் புதிதாக அமைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரு சின்ன ராஜாங்கம். இடிப்பவர்கள் முதலில் வருவார்கள். பிறகு பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் சுவரில் காடி வெட்டிக் குழாயையும் கம்பியையும் உள்ளே செலுத்துவார்கள். கொத்தனார் அதன்மேல் பூசுவார். பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன் பிறகுதான் மேடைக்குக் கல், சுவருக்கு டைல். அப்புறம் தச்சரின் அலமாரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் அடுப்பும் புகைபோக்கியும்.

இதில் ஒரு வேடிக்கை. செய்கிற வரிசை இப்படி இருக்கிறதே ஒழிய, தீர்மானிக்கிற வரிசை பெரும்பாலும் தலைகீழாகப் போகிறது. கடைசியில் வந்து உட்காரும் புகைபோக்கிக்கு இடம் தெரிந்தால்தான் டைல் ஒட்டுமுன் சுவரில் துவாரம் போட முடியும். கிரைண்டர் எங்கே நிற்கும் என்று தெரியாமல் பிளக் வைத்தால், பிறகு ஆயுள் முழுவதும் மேடையின் குறுக்கே ஒயர் ஓடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அலமாரிக்கு அடிப்பக்கத்தில் காற்றோட்டம் வேண்டும் என்பதைத் தச்சர் பலகையை அறுக்குமுன் சொல்லியாக வேண்டும். புது வீட்டுச் சமையலறை என்றதும் நாம் டைலின் நிறத்தைப் பற்றி மூன்று நாள் சண்டை போடுகிறோம். நிறம் எப்போது வேண்டுமானாலும் காத்திருக்கும்.

மயிலாப்பூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷத்து வீடு. மூன்று வாரத்தில் சமையலறையைப் புதுப்பித்துவிடுவது என்று நாள் குறித்திருந்தார். பிளம்பர் வயதானவர், அதிகம் பேசாதவர். குழாய்களைப் பசையிட்டு இணைத்து முடித்த மறுநாள் காலையில், கொத்தனாரும் சித்தாளும் செங்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றார்கள். பிளம்பர் சுவரை மூட விடவில்லை. பசை நன்றாகக் காய வேண்டும். பிறகு குழாயில் தண்ணீர் நிரப்பி, வாயை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

பிளேட்டோ தம்முடைய ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரக் கதையைச் சேர்த்திருக்கிறார். அதை அணிந்து திருப்பினால் ஆள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான்; அப்போதும் அவன் நியாயமாக நடப்பானா என்பது அங்கே கேள்வி. சிமெண்டுப் பூச்சும் அப்படி ஒரு மோதிரந்தான். பூசிவிட்டால் இணைப்பு நல்லதா கெட்டதா என்று வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அந்தக் கிழவருக்கு மோதிரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் போட்டுக் கொள்ளவில்லை. இந்த மட்டும் கதை நன்றாக இருக்கிறது.

கொத்தனாரும் சித்தாளும் என்ன ஆனார்கள்? கொத்தனாருக்கு அன்று மத்தியானமே வேறு ஓர் இடத்தில் சில்லறை வேலை கிடைத்தது. சித்தாளுக்குக் கிடைக்கவில்லை. “வேலை செய்யாத நாளுக்கு எந்த ஊர்லே சார் கூலி குடுக்கறாங்க?” என்று நண்பர் என்னைக் கேட்டார். பிளம்பரோ, வரச் சொன்னது தாம் அல்ல என்றார். கொத்தனார், சொன்ன நாளில் வந்தோம் என்றார். தனித்தனியே எடுத்தால் மூன்று பேர் சொன்னதும் சரி. மூன்று சரிகளும் சேர்ந்து, அந்த வீட்டுக்குள் வந்தவர்களிலேயே ஏழையான ஒருத்தியின் ஒரு நாள் கூலியைக் கரைத்துவிட்டன.

நண்பரின் மனைவி அவளுக்கு இட்லி கொடுத்து, கையில் நூறு ரூபாயும் வைத்தார். இருபது நாளாகக் கூடத்தின் மூலையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு சமைத்தவர் அவர். காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் தர்மமாக வந்த நூறு ரூபாயைக் கூலியோடு சேர்த்து எண்ண முடியாது. கூலியை நிமிர்ந்து கேட்டு வாங்கலாம். அவள் அந்த நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, “நாளைக்காச்சும் வேலை இருக்குங்களாம்மா?” என்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் முள் அசையாமல் நின்றது. ஒரு சொட்டுக் கசிவில்லை. “பார்த்தீங்களா, ஒரு நாள் வீண்!” என்றார் நண்பர். கசிந்திருந்தால் அந்த நாளை லாபம் என்று சொல்லியிருப்பார். வேலை நன்றாக இருந்ததனாலேயே சோதனை வீணாகிப் போயிற்று!

நண்பரைக் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் கடன் வாங்கித்தான் கட்டுகிறார். குழாய்ப் பசை எத்தனை மணியில் காயும் என்று ஒரு பாங்கு உத்தியோகஸ்தர் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, உமக்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும், உமக்குப் பின்னால் எத்தனை நாள் சும்மா விட வேண்டும் என்று விசாரித்திருக்கலாம். அரை மணி நேரம் ஆகும். அந்த ஓர் இரவு திட்டத்தில் இருந்திருந்தால் சித்தாள் அன்றைக்கு வேறு கட்டடத்தில் செங்கல் சுமந்திருப்பாள். திட்டத்தில் இல்லாததால் அது அவள் கணக்கில் எழுதப்பட்டது. நாளைக் குறித்தவர் அவர். ஆகவே கூலி அவருடைய கடன் என்பது என் தீர்ப்பு. சும்மா இருந்ததற்குக் கூலி கொடுத்தால் சோம்பல் வளரும் என்பார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நண்பர் இப்போது குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறார். காகிதத்தில் கோடு போட்டு வரிசை எழுதி என்னிடம் காட்டினார். தரையில் தண்ணீர் கட்டி நிறுத்தி ஒழுகுகிறதா என்று பார்க்கும் நாளைக்கூட மறக்காமல் குறித்திருந்தார். அந்த நாளுக்கு எதிரே கூலிப் பத்தி மட்டும் காலியாக இருந்தது.

“அன்னிக்கு யாரும் வரமாட்டாங்களே, சார்” என்றார்.

“வர வேண்டாம்னு யார் சொல்லி அனுப்பப் போறாங்க?” என்று கேட்டேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு பேனாவைத் தேடினார்.