தீட்டு வீட்டுக்குள் வந்த சாமி

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். துணைக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவனே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்றும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு அவருக்கு வாழைத்தார் படைக்கிறோம்.

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கதையில் சாமி பிள்ளையைப் பார்க்க வரவில்லை, பெறுகிறவளைப் பார்க்க வந்தார். நம் வீடுகளிலோ, பத்து மாதமும் தாங்கித் தாங்கிப் பார்த்தவளை, பிள்ளை பிறந்த நிமிடத்திலிருந்து யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் வேலையில் இருந்தபோது, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்த ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வார்டுக்கே வந்தாள். குழந்தை அவள் அம்மாவின் தோளில் தூங்கியது. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தடுப்பூசி அட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். "இவன் அழுதா எனக்குப் பதறவே மாட்டேங்குது சிஸ்டர். யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு. போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ?" அம்மா குறுக்கிட்டாள்: "காத்து கருப்பு பட்டிருக்கும்னு மந்திரிச்சும் பாத்தாச்சு."

பாவம் என்றால் மனசு அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். இவள் எதற்குச் சம்மதித்தாள்? நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டும் சில நாளில் கிடுகிடுவென இறங்கிவிடும். கூடவே ரத்தக்குறைவு, தூக்கமில்லாத ராத்திரிகள். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானே போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற நோய். நம் நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்கில், 100 தாய்மாரில் சுமார் 22 பேருக்கு இது இருந்தது. அத்தனை பேருமா போன ஜென்மத்துப் பாவிகள்?

இதைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகளைத்தான் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்று, தேவையில்லாமல் உன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாயா என்பது. அவள் என்னிடம் கேட்ட பாவக் கணக்கே நோயின் அறிகுறி. அதற்குப் பரிகாரம் தேடி ஊர் ஊராக அலையவிட்டால் அந்தப் பழி அவள் மேல் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும்.

தீட்டு என்று பூஜை அறைப் பக்கமே வரவிடாததால், சாமியும் தன்னைக் கைவிட்டார் என்றே பல பெண்கள் நினைக்கிறார்கள். எனக்கு மனசு கொதிக்கும் இடம் இது. மலைக்கோட்டைச் சாமி தீட்டுக்கு நாள் பார்த்தாரா? உதிரமும் பனிக்குட நீருமாகக் கிடந்த அறைக்குள் அல்லவா வந்தார்!

"மாத்திரை போட்டா சாமி மேல நம்பிக்கையில்லைன்னு ஆகாதா?" என்றாள் அந்த அம்மா. சிவன் நினைத்திருந்தால் காவிரியை வற்றவைத்துத் தாயை நடத்திக் கூட்டி வந்திருக்கலாம். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு மருத்துவச்சி வேலை பார்த்தார். டாக்டர் செய்வதும் அந்த வேலைதான் என்றேன். பால் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் சேரும், பால் கொடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் அதைத் தருகிறார்கள். ராத்திரியில் நாலைந்து மணி நேரம் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள் என்றும் சொன்னேன். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, நானும் பிள்ளையும் இருந்து என்ன பயன் என்றாலோ ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும். ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையும் மனநல ஆலோசனையும் தூக்கமுமாகச் சில மாதத்தில் அந்தப் பெண் தேறினாள். அடுத்த பிள்ளைக்கும் இது வருமா என்று மாமியார் வந்து கேட்டார். வர வாய்ப்பு அதிகம்தான்மா, மாசமாக இருக்கும்போதே டாக்டரிடம் சொல்லி வைத்துவிடுங்கள் என்றேன்.