வீட்டில் பீடம் எதற்காக?

உங்கள் வீட்டுப் படியேறி உள்ளே வருகிறவர் கண்ணில் முதலிற் படுவது எது? யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடாயின், அது பெரும்பாலும் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரிலுள்ள திரு இருதய ஆண்டவர் படமாகவே இருக்கும். படத்தின் கீழே ஒரு மரத்தட்டு. தட்டில் மாதா சுரூபமும் அந்தோனியார் சுரூபமும், நடுவிலே பாடுபட்ட சுரூபமும் நிற்கும். ஓரத்தில் தீர்த்தப் போத்தலும், மடுவிலிருந்து கடதாசியில் மடித்துக் கொண்டுவந்த மண்ணும் இருக்கும். படத்தின் பின்னாற் சொருகிய குருத்தோலை, விபூதிப் புதனுக்குச் சாம்பலாகியிருக்க வேண்டியது, மூன்று நான்கு வருடமாக அங்கேயே காய்ந்து கிடக்கும்.

புதிதாகக் கட்டும் வீடுகளில் மரத்தட்டு இல்லை. சுவரைக் குடைந்து, மாபிள் பதித்து, நிறம் மாறும் மின்குமிழ்கள் பூட்டிய மாடம் வந்துவிட்டது. கனடாவிலும் பிரான்சிலும் உழைக்கிற பிள்ளைகள் தாய்தகப்பனுக்கு வீடு கட்டிக் கொடுக்கும்போது இந்த மாடத்தில் தனிக் கவனம் எடுக்கிறார்கள். அதைக் குறைகூற நான் வரவில்லை. தான் முழங்காலில் நின்று செபம் படித்த இடத்தை அழகாகப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை நல்ல பிள்ளைதான்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடாமற் பிடித்து நிற்கிறது. அதை முதலிற் கேட்டவர் ஒரு வயோதிபத் தாய். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேலாக அகதி முகாமிலும் உறவினர் வீடுகளிலும் காலங்கழித்து, காணி விடுவிக்கப்பட்டபின் தன் வளவைப் பார்க்கப் போனவர். கூரை இல்லை, நிலைகளும் யன்னல்களும் இல்லை. மண்டபத்துச் சுவரில் ஒரு பாதி மட்டும் நின்றது. அதிலே படம் மாட்டிய ஆணி இன்னும் இருந்ததாம். "மாதா படமிருந்த வீடும் இடிஞ்சதுதானே. அப்ப அந்தப் படம் என்னத்துக்கு இருந்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தைக்குப் போன பிள்ளை ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரிப்பது போலக் கேட்டார்.

இதற்கு அவசரப்பட்டு விடை சொல்லக்கூடாது. இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய மரணங்கள் நிற்கின்றன. 1995 யூலை 9ஆந் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் தேடியவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் போயிருந்தது வீட்டுத் தட்டுக்கு அல்ல. திருப்பலி ஒப்புக்கொடுக்கும் ஆலயத்துக்கு. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எத்தனை பேர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சீலையிற் சுற்றிக்கொண்டு போனார்கள்! எத்தனை பேர், "இவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்! இரு வகையாரின் வீடுகளும் இடிந்தன. இரு வகையாரின் வீடுகளும் தப்பின. இதில் கணக்கு எதுவும் பார்க்க முடியாது.

ஆகவே நேர்மையாகப் பேசுவோமாக. பீடத்தை வீட்டின் காவற்காரனாக நாம் வைத்திருந்தால் அது தோற்றுவிட்டது என்றே சொல்லவேண்டும்.

"படத்தை வைத்து வணங்கும் இடத்தை ஆசீர்வதிப்பேன் என்று ஆண்டவரே வாக்களித்திருக்கிறாரே!" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். திரு இருதயத்தின் பன்னிரு வாக்குறுதிகளில் அப்படியொன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலே பரே-லெ-மொனியால் மடத்தில் வாழ்ந்த புனித மார்கரீத் மரியாளின் எழுத்துக்களிலிருந்து எடுத்துத் தொகுத்த அந்தப் பட்டியல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சாகி உலகமெங்கும் பரவியது. ஆனால் ஆசீர்வாதம் என்ற சொல்லுக்கு ஓடு உடையாது, கூரை விழாது என்று நாமாக ஒரு பொருளை ஏற்றிக்கொண்டோம். படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அந்த இருதயத்தைச் சுற்றி முள் இருக்கிறது. அது ஈட்டியாற் குத்தப்பட்டிருக்கிறது. தன் இருதயத்துக்கே காவல் வைக்காதவர், நமது கூரைக்குக் காவல் நிற்பதாக எங்கே சொன்னார்?

1907ஆம் ஆண்டு அதே பரே-லெ-மொனியாலிற் சுகமடைந்த மத்தேயோ குருவானவர், அந்தப் படத்தை வீடுவீடாக அரியணை ஏற்றும் பக்தி முயற்சியைத் தொடங்கினார். அவருடைய நோக்கம் வீட்டுக்குக் காப்புக் கட்டுவது அல்ல. இந்த வீட்டில் இனிமேல் யாருடைய சொல் நடக்கவேண்டும் என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் கூடி அறிக்கையிடுவதே அதன் பொருள். அரசனை வரவேற்று அமர்த்துகிறவன், அதன்பின் அவனுக்குக் கட்டளையிட முடியுமா?

நமது முன்னோர் இதை நம்மிலும் நன்றாக அறிந்திருந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் இல்லை. ஆலயங்கள் பறிபோயின. அந்தச் சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்தான் முற்றாக நீங்கின. இடைப்பட்ட காலத்தில் விசுவாசம் எங்கே இருந்தது? வீட்டுக்குள்ளே இருந்தது. 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்த யோசேவாஸ் முனிவர், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார். எந்த வீட்டார் அந்த மாலையை அடையாளங் கண்டுகொள்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே அப்படித் திரிந்தார். சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு இரவிரவாக மக்களிடம் போய்வந்தார். 1689 நத்தார் இரவில் திருப்பலிக்காக ஏறக்குறைய முந்நூறு பேர் கூடியிருந்த வீட்டை ஒல்லாந்த அதிகாரி வளைத்துப் பிடித்தான். பலர் தண்டம் இறுத்தார்கள். சிலர் கசையடி பட்டார்கள். ஒருவர் அந்த அடியிலேயே உயிர் விட்டார். யோசேவாஸ் முனிவரை 2015 சனவரி 14ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராகப் பிரகடனப்படுத்தியபோது நாமெல்லாம் கைதட்டி மகிழ்ந்தோம். ஆனால் அந்த வீட்டுக்காரர்களை நினைத்தவர் எத்தனை பேர்? அவர்களுடைய பீடம் அவர்களைக் காக்கவில்லை. அந்தப் பீடத்தால்தான் அவர்களுக்கு ஆபத்து வந்தது. அது தெரிந்தும் அதை வைத்திருந்தார்கள்.

அந்த வயோதிபத் தாய்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அம்மா, அந்தப் படம் வீட்டுக்காக இருக்கவில்லை, உங்களுக்காக இருந்தது. நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள், கேள்வியும் கேட்கிறீர்கள். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லித்தான் நாற்பது வருடம் பழகியிருக்கிறீர்கள்.

இது போதுமான விடை என்று நான் சொல்லமாட்டேன்.

இனி இன்னொரு சங்கடம் உண்டு. யேசு ஆண்டவர் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், செபிக்கும்போது உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார். நாமோ வருவோர் போவோர் எல்லோருக்கும் தெரியத்தக்கதாக வாசலுக்கு எதிரே பீடம் வைக்கிறோம். இது பொருந்துமா?

அந்த வசனத்தின் கிரேக்க மூலத்தில் வரும் 'தமேயோன்' என்ற சொல்லுக்குச் சாமான் அறை என்றும் பொருள் உண்டு. தானியத்தையும் எண்ணெயையும் வைத்துச் சாத்துகிற உள்ளறை அது. இதை முதன்முதல் அறிந்தபோது எனக்கு எங்கள் ஆச்சியின் நினைவு வந்தது. எங்கள் பழைய வீட்டில் மண்டபத்தில் பெரிய படம் இருந்தது. மாலைச் செபம் அங்கேதான். ஆனால் ஆச்சி விடியற்காலையில் நெல்மூட்டையும் வெங்காயப் பிடிகளும் கிடக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வா. அங்கே அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு சின்ன வியாகுல மாதா படம் பசை வைத்து ஒட்டியிருந்தது. விளக்கில்லை, பூவில்லை. என்ன சொன்னாவென்று யாருக்கும் தெரியாது. இரண்டு மகன்மாரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவ என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2691ஆம் எண்ணில் இந்த விடயத்தை எடுத்துப் பேசுகிறது. தனிச் செபத்துக்கு வேதாகமமும் திருவுருவமும் வைத்த ஒரு மூலை போதுமென்றும், அங்கே பிதாவின் முன் மறைவாக இருக்கலாமென்றும், குடும்பத்தில் அத்தகைய சிற்றிடம் பொதுச் செபத்துக்கும் உதவுமென்றும் அதன் கருத்து. அலுமாரிக் கதவும் மண்டபத்துச் சுவரும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஆகவே சிறிய வீட்டுக்காரர், வாடகை அறையில் இருக்கும் மாணவர், இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் அடுக்குமாடியில் ஒடுங்கி வாழ்கிறவர்கள், இடமில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு வேதாகமம், ஒரு மெழுகுதிரி. சுவாமியார் வரும்போது மந்திரித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சொல்வேன்: உயரத்தில் வைக்காதீர்கள். முழங்காலில் நிற்கிற பிள்ளையின் கண்ணுக்கு எட்டவேண்டும். வேதாகமம் திறந்து வாசித்த அடையாளத்தோடு இருக்கட்டும், தூசியோடு இருக்கவேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியின் இடத்தையும் சற்றுக் கவனியுங்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2020இல் கொரோனாக் காலத்திலும் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது நாம் வீட்டிலிருந்து திருப்பலி கண்டோம். எங்கள் வீட்டில் பெட்டி எதிர்ச் சுவரில் இருக்கிறது. கடைசி ஆசீர்வாதம் பெற்று எழும்பியபோதுதான் பார்த்தேன், இவ்வளவு நேரமும் குடும்பமாகப் பீடத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்!

சரி, வாசலுக்கு எதிரே வைப்பது பகட்டு ஆகாதா? தெருச் சந்தியில் நின்று செபிப்பதை ஆண்டவர் கண்டித்தார். தெருவில் நம்மைப் பார்க்கிறவர்கள் அந்நியர். அவர்கள் முன் வேடம் போடலாம். வீட்டு மண்டபத்தில் நமது பக்கத்தில் முழங்காலில் நிற்பவர் யார்? காலையில் நாம் ஏசிய ஏச்சைக் கேட்ட மனைவி. நாம் சொன்ன பொய்யைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட பிள்ளை. இவர்கள் முன்னால் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். வேடம் போடுவதற்கு இதைவிடக் கடினமான இடம் உலகத்தில் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் ஐயாவுக்கும் அவருடைய தம்பியாருக்கும் வேலித் தகராறு. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு முழ நிலம், இரண்டு பனை. கதிகால் பிடுங்கி நட்டதில் தொடங்கி வழக்குவரை போய்விட்டது. நான்கு வருடமாகப் பேச்சில்லை. நாங்கள் மண்டபத்தில் செபமாலை சொல்லும்போது வேலிக்கு அப்பால் குஞ்சியப்பு வீட்டிலும் செபமாலை கேட்கும். சில நாட்களில் இரு வீடும் ஒரே காரணிக்கத்தில் நிற்கும். பிள்ளைகள் நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். பெரியவர்கள் குரலை உயர்த்துவார்கள்.

ஒரு தபசு காலத்தில் அம்மா விளக்குக் கொழுத்தவில்லை. ஐயா வந்து பாயில் முழங்காலில் நின்றார். இருட்டு. "ஏன் இன்னும் கொழுத்தேல்லை?" என்றார். அம்மா, "நீங்கள் ஒருக்காப் போய்க் கதைச்சுப்போட்டு வாங்கோ. பிறகு கொழுத்துறன்" என்றா. ஐயா எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே.

அம்மா செய்தது சரியா? பங்குச் சுவாமியார் கேள்விப்பட்டுச் செபத்தை நிற்பாட்டுவது பிழை என்று சொல்லியனுப்பினார். எவ்வளவு பாவியானாலும் செபிக்கலாம், பாவிதான் கட்டாயம் செபிக்கவேண்டும் என்பது அவருடைய நியாயம். அதை என்னால் மறுக்க முடியாது. பிள்ளைகளாகிய எங்கள் செபத்தையும் அல்லவா அம்மா தடுத்தா? ஆனால் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதையும் கவனிக்கவேண்டும். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று பீடத்தின் முன் நினைவு வந்தால், காணிக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. அங்கேயே வைத்துவிட்டுப் போய், சமாதானமாகி, திரும்பி வரச் சொல்கிறார். கொழுத்தாத அந்த விளக்கு அப்படி வைத்துவிட்ட காணிக்கை என்றே எனக்கு இன்று தோன்றுகிறது. எவருடைய மனத்தாங்கல் நியாயமானது என்று அந்த வசனம் விசாரிக்கவில்லை என்பதையும் பாருங்கள். ஐயாவிடம் உறுதி இருந்தது, சாட்சி இருந்தது. வசனம் அதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஐயா சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு, ரோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தார். பொட்டுக்குள்ளால் போயிருந்தால் பத்து எட்டு. அவர் ஒழுங்கையைச் சுற்றித்தான் போனார். அங்கே என்ன கதைத்தார்களென்று பிறகும் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வழக்கு மேலும் இரண்டு வருடம் நடந்தது. பனை இரண்டும் குஞ்சியப்புவுக்கே போயின. அன்றிரவு ஐயா திரும்பி வரச் சுணங்கிவிட்டது. அம்மா விளக்கைக் கொழுத்திக்கொண்டு எங்களை எழுப்பியபோது தம்பி பாயிலேயே நித்திரையாகிவிட்டான். அவனை எழுப்ப வேண்டாம் என்று ஐயா சொன்னார்.